பூனைக்குப் பின்னால் நின்ற சீர்வரிசை

வேலை போனதை வேலை போனது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. "சொந்தமா பிஸ்னஸ் பண்றேன்" என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தொண்ணூறுகளின் கடைசி அது. மாக் மண்டினில் நான் இருந்த தொழிற்சாலை, பொருளாதார நெருக்கடி என்று எங்களில் பாதிப் பேருக்குக் கொஞ்சம் நஷ்ட ஈடும் ஒரு துண்டு கேக்கும் கொடுத்து வழியனுப்பியது. கேக் நன்றாகத்தான் இருந்தது.

அக்காவின் கணவர் புக்கிட் தெங்காவில் ஒரு கம்பெனி ஸ்டோருக்குப் பொறுப்பாளர். தனக்குக் கீழே ஓர் இடம் காலியாக இருப்பதாக, எங்கள் வீட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே நினைவூட்டுவார். "கம்ப்யூட்டர்ல கல்யாண சாமான் விக்கிறாளாம். யாரு வாங்குவா? கம்ப்யூட்டரா தாலி கட்டப் போவுது?" அவருக்குக் கீழே வேலை பார்ப்பதற்குப் பட்டினி கிடக்கலாம் என்று நினைத்தேன். பட்டினி கிடந்து பார்க்காதவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள்.

நான் விற்றது சீர்வரிசைத் தட்டுகள். கண்ணாடியும் முத்தும் ஜரிகையும் ஒட்டி நானே அலங்கரித்தவை. ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டு மாடியிலிருந்து இணையச் சந்தை ஒன்றை நடத்தினார் ஒரு தமிழ் இளைஞர், ஆஸ்திரேலியாவில் படித்துவிட்டு வந்தவர். அதில் நாங்கள் படம் போட்டு விலை போடுவோம்; வாங்குகிறவர்கள் வேண்டியதைத் தட்டித் தேடுவார்கள். கல்யாணத் தட்டு என்று ஆங்கிலத்தில் தட்டினால் முதல் பக்கத்தில் என் தட்டுகள் வந்து நிற்கும். ஈப்போவிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் கேட்டு எழுதினார்கள். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

ஆடி வந்தது. ஆடியில் நம் ஆட்கள் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டார்கள். ஒரு தட்டும் விற்கவில்லை, நானும் கவலைப்படவில்லை. கையிலிருந்த நஷ்ட ஈட்டுப் பணம் முழுவதையும் ஆவணி முகூர்த்தங்களை நம்பிச் சரக்கில் போட்டேன். அறை முழுக்கத் தட்டு. கட்டிலை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தரையில் படுத்தேன். ஆவணியில் இவை போக வேண்டும். போகாவிட்டால் நான் ஸ்டோருக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் என் பிஸ்னஸ் திட்டம்.

ஆவணி பிறந்த அன்று தேடலைப் 'புத்திசாலித் தேடல்' ஆக்கிவிட்டோம் என்று அறிவிப்பு வந்தது. பெயரில் தட்டு என்று இருந்தால் போதும், கடந்த முப்பது நாளில் அதிகம் விற்ற பொருள் முன்னால் வருமாம். தட்டிப் பார்த்தேன். முதலில் ஐஸ்கட்டித் தட்டு வந்தது. அடுத்து கேக் தட்டு. அதற்கடுத்து, பூனை மலம் கழிக்க மணல் போட்டு வைக்கும் தட்டு. மணப்பெண்ணின் சீரைப் பூனையின் கக்கூஸ் முந்திக்கொண்டது. என் தட்டுகள் எங்கோ பதினோராம் பக்கத்தில் கிடந்தன. டெலிபோன் லைனில் இணையம் வந்த காலம். ஒரு பக்கம் திறப்பதற்குள் கையிலிருக்கும் தே தாரேக் டீ ஆறிவிடும். பதினோராம் பக்கம் வரை தேடி வரும் பொறுமை யாருக்கு இருக்கிறது?

புகார் எழுதினேன். உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். அது அப்போதும் மிகவும் முக்கியமாகவே இருந்தது. இதற்குள் முதல் முகூர்த்தங்கள் கடந்துபோயின. ஞாயிற்றுக்கிழமை அத்தான் வந்தார். உட்கார இடமில்லாமல் தட்டுகளுக்கு நடுவே நின்று, "அடுத்த திங்கக்கிழமை வந்து சேந்துக்கோம்மா" என்றார். அன்றைக்கு அவர் கிண்டல்கூடச் செய்யவில்லை.

செவ்வாய்க்கிழமை அந்தக் கடைவீட்டு மாடிக்கு நேரில் போவதென்று முடிவு செய்தேன். தனியாகப் போனால் மதிக்கமாட்டார்கள் என்று, அதே சந்தையில் கல்யாணப் படுக்கை விரிப்பு விற்கும் சீனத்து அக்காவைக் கூப்பிட்டேன். அவர் சரக்கு முதல் பக்கத்தில் ஜம்மென்று இருந்தது, வர மறுத்தார். "உங்களுக்குப் பேய் மாதம் எப்போது?" என்று மலாயில் கேட்டேன். பேய் மாதத்தில் சீனர்கள் கல்யாணம் செய்ய மாட்டார்கள். அந்த மாதம் முடிந்ததும் அவர் விரிப்பும் பூனைக்குப் பின்னால்தான். அந்த நிமிடமே கடையைப் பூட்டிக் காரை எடுத்தார்.

அந்த இளம் முதலாளி மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். "அக்கா, சிஸ்டத்துக்கு ஆடி, ஆவணியெல்லாம் தெரியாதுலா. எது விக்குதோ அதைத்தான் காட்டும்."

"ஆடியில யாரு தம்பி கல்யாணம் பண்றா?"

"அதெல்லாம் அந்தக் காலத்து நம்பிக்கைக்கா. அதுக்காக சிஸ்டத்தை மாத்த முடியுமா?"

சீனத்து அக்கா வியாபாரி. நம்பிக்கையை விட்டுவிட்டு, இதை ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தீர்களா, எப்போது தயாரானது என்று மலாயில் கேட்டார். முதலாளி என் பக்கம் திரும்பிப் பெருமையாகச் சொன்னார். "ஜூலையிலேயே ரெடிக்கா. ஒரு மாசம் சும்மாதான் வச்சிருந்தோம்."

"ஏன் சும்மா வச்சிருந்தீங்க?"

"அம்மாதான், ஆடியில புதுசா எதையும் ஆரம்பிக்காதேன்னு..." என்றவர் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் குனிந்துகொண்டாள். நான் மலாயில் எடுத்துச் சொன்னதும் சீனத்து அக்கா தொடையில் தட்டிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

"உங்க வேலைக்கு மட்டும் ஆடி உண்டு, எங்க வேலைக்கு இல்லையா தம்பி?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "சரிக்கா. பழையபடியே மாத்திடுறேன். அஞ்சு நிமிஷ வேலைதான்" என்று மவுஸைப் பிடித்தார். பிடித்த கை நின்றது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்றைத் தாண்டியிருந்தது. "இன்னிக்கு செவ்வாக்கிழமை. நாலரை வரைக்கும் ராகு காலம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

கிழித்துத் தோரணம் கட்டியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. வீட்டில் கட்டிலை விரட்டிவிட்டு நிற்கும் தட்டுகளை நினைத்தேன். அத்தானின் திங்கட்கிழமையை நினைத்தேன்.

"ஆமா தம்பி, கழியட்டும்" என்றேன்.

கீழே சொல்லிக் கோப்பி வரவழைத்தார். சீனத்து அக்கா மட்டும், ஐந்து நிமிட வேலையை ஏன் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறோம், கீழே கார் நிறுத்திய நேரம் முடிந்துவிட்டதே என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவ்வளவு நேரம் பொழிந்த என் மலாய், இதற்கு வரவில்லை.

நாலரைக்கு மேல் தேடல் பழையபடி ஆயிற்று. தட்டிப் பார்த்தேன், முதல் பக்கத்தில் என் தட்டுகள். 'மேலும் புத்திசாலித் தேடல்' என்று புது அறிவிப்பும் போட்டுக்கொண்டார்கள். போட்டுக்கொள்ளட்டும். ஸ்டோருக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லி அத்தானுக்கு அங்கிருந்தே போன் செய்தேன்.

கீழே இறங்கி வந்தால் கார் கண்ணாடியில் சமன் செருகியிருந்தது. சீனத்து அக்கா அந்த அபராதச் சீட்டை உருவி, படித்து, என் கையில் கொடுத்தார். நான் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.