சுறா எண்ணெய் தடவிய சாய்பலகை

1987, தை மாதம். காலை ஆறரை மணிக்குச் சென்னையில் மின்ரயில் ஏறினோம். பொன்னேரியில் இறங்கிப் பேருந்தில் பழவேற்காடு; அங்கிருந்து ஏரியைக் கடக்கத் தோணிக்கு ஆளுக்கு எட்டணா. லைட்ஹவுஸ் குப்பத்தில் இறங்கியபோது வெயில் சுள்ளென்று அடித்தது.

கூட வந்தவன் என் சித்தப்பா மகன் ரவி. அமெரிக்காவில் வளர்ந்தவன். அக்குளில் எப்போதும் ஒரு ஸ்கேட்போர்டு, நின்றபடி ஓட்டும் சக்கரக் கட்டை. அமெரிக்கா திரும்பியதும் அவனுக்கு முதல் போட்டி. சாய்பலகையில் ஏறிப் பறந்து, அந்தரத்தில் திரும்பி இறங்க வேண்டுமாம். பழகச் சென்னையில் இடம் கிடைக்காமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தான்.

குப்பத்தில் மீன் காயப்போடும் சிமெண்டுத் தளத்தைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டான்.

"இன்னா தம்பி இது, காலு வண்டியா?" என்று வந்தார் கட்டுமரக்காரர் ஏழுமலை. ரவி கையை ஆட்டி விளக்கினான்.

"அவ்ளோதானா?" என்றவர், காய்வதற்காக அவிழ்த்துப் போட்டிருந்த தன் கட்டுமரத்தைத் தளத்தின்மேல் மறுபடி பிணைத்து, அதன் தூக்கிய மூக்கில் அகலமான பலகை ஒன்றைச் சாய்த்துக் கட்டினார். அவர் மனைவி கன்னியம்மா கருவாட்டை ஓரமாக ஒதுக்கி வழிவிட்டார்.

ரவி சில முறை பறந்தான். வலை பின்னியவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். கன்னியம்மா எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். இறால் தொக்கு அபாரம். சாப்பிட்டு வந்து ரவி மறுபடி ஏறினான். பலகையின் நடுவில் சக்கரம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டது. விழுந்தவன் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கவேயில்லை.

ஏழுமலைக்கு முகம் செத்துவிட்டது. "நீங்க சாப்ட போனப்போ, நல்லா வழுக்கினு போவட்டும்னு சுறா எண்ணெ தடவினேன் சார். கட்டுமரத்த அப்டித்தான கடலுக்குத் தள்ளுவோம்."

சக்கரத்துக்குப் பிடிமானம் வேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

"விடுங்கண்ணே, பலகை நல்லாத்தான் இருந்தது," என்றான் ரவி. சொல்லும்போதே கண் கலங்கியிருந்தது. போட்டி போய்விட்டது. பொன்னேரி ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவென்று மாவுக்கட்டு போட்டார்கள்.

அவசரத்தில் விட்டுவந்த ஸ்கேட்போர்டை எடுக்க மறுநாள் காலை நான் மட்டும் போனேன். மற்ற கட்டுமரங்கள் எல்லாம் கடலுக்குப் போயிருந்தன. தளத்தின்மேல் அந்த ஒன்று மட்டும் பிணைத்தபடியே கிடந்தது. மணல் போட்டுத் தேய்த்ததில் பலகை வெளுத்திருந்தது. பக்கத்தில் ஏழுமலை உட்கார்ந்திருந்தார்.

"தொட்டுப் பாரு சார், இனிமே வழுக்காது. தம்பி எங்க, பின்னால வருதா?"

குனிந்து பலகையைத் தொட்டுப் பார்த்தேன். வழுக்கவில்லை.