விருந்துக்கு மறுநாள்

என் அப்பா பங்கிராஸ் வாத்தியார் வாழ்நாளில் ஒரு சொட்டுக் கள் குடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை எங்கள் ஊரை நம்ப வைக்க அவர் உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆவூருக்கு அங்கிட்டு, கோயிலும் பள்ளிக்கூடமும் ஒரே சுற்றுச்சுவருக்குள் இருந்த ஊர் எங்களுடையது. அப்பா மூன்றாம் வகுப்பு வாத்தியார். மாடு பூட்டி நீர் இறைக்கும் கவலையைத் தனியாளாக இழுக்கக்கூடிய உடம்பு. ஆனால் வருடத்தில் மூன்று நான்கு நாள் மட்டும் காலையில் கண் விழிப்பார், கை காலை அசைக்க முடியாது. கழுத்துகூடத் தூக்காது. பேச்சு மட்டும் தெளிவாக இருக்கும். பொழுது சாயும்போது ஒவ்வொரு விரலாக உயிர் வரும். மறுநாள் பள்ளிக்கூடம் போய்விடுவார்.

அந்த நாள்கள் எவை என்பதுதான் வினை. ஈஸ்டருக்கு மறுநாள், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், சந்தியாகப்பர் திருவிழாவுக்கு மறுநாள். தவக்காலம் முழுக்க ஒருவேளைச் சாப்பாடும் கஞ்சியுமாக இருக்கும்போது அவருக்கு ஒன்றும் வராது. எங்கள் ஊர் இதைப் பார்த்துக் கணக்குப் போட்டது. தவக்காலத்தில் பயந்துகொண்டு குடிக்காமல் இருக்கிறார், பண்டிகை வந்ததும் ஊற்றிக்கொண்டு விழுந்து கிடக்கிறார். கணக்கு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள்! மதுவிலக்கு வந்த பிறகு இந்தப் பேச்சு இன்னும் விஷமாயிற்று. திருட்டுச் சாராயம் குடிக்கிற வாத்தியார் என்றானது.

1954-இல் சந்தியாகப்பர் திருவிழா ஞாயிற்றுக்கிழமை வந்தது. திங்கட்கிழமை காலை சொல்லாமல் கொள்ளாமல் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். மூன்றாம் வகுப்பில் வாத்தியார் இல்லை. கோயில் உபதேசியார் மைக்கேல்சாமி எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். செபம் சொல்லிக் கொடுப்பது முதல் கோயில் மணி அடிப்பது வரை ஊரில் எல்லாம் அவர் பொறுப்பு. பாயில் துணிமூட்டையாகக் கிடந்த அப்பாவை வாசலில் நின்றபடியே பார்த்தார். உள்ளே வரவில்லை. திரும்பிப் போய், "வாத்தியாரு எந்திரிக்கிற நெலையில இல்லைங்க" என்றார். அதன் அர்த்தம் அங்கே எல்லோருக்கும் புரிந்தது.

அடுத்த ஞாயிறு பூசையில், பள்ளிக்கூடத்துக்கும் பொறுப்பான பங்குச் சாமியார் பிரசங்கத்தை நிறுத்தி, பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவரே குடிக்கலாமா என்று அப்பாவின் பெயரைச் சொல்லிக் கேட்டார். பூசை முடிந்ததும் கூப்பிட்டு ஒரு வழியும் சொன்னார். பரலோக மாதா திருநாளன்று பீடத்தின் முன் நின்று, இனிமேல் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். செய்தால் வேலை இருக்கும்.

"குடிச்சாத்தானே சாமி விடுறதுக்கு?" என்றார் அப்பா.

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேன் பங்கிராசு. ஒனக்கு என்ன கொறையும்?"

"அந்த ஒரு வார்த்தையில நான் குடிகாரன்னு ஆயிரும் சாமி."

அம்மா அடைக்கலமேரியும் கெஞ்சினாள். இடுப்பில் நான், வயிற்றில் தம்பி. வேலை போனால் சோற்றுக்கு என்ன வழி? அப்பா அசையவில்லை. குடித்திருந்தால் சத்தியம் செய்வது சுலபம் என்று மட்டும் சொன்னார்.

தனக்கு எப்போது வருகிறது என்பதை அவரும் கவனித்திருந்தார். வயிறு முட்டச் சோறும் பாயாசமும் தின்று, அப்படியே படுத்து எழுந்தால் வருகிறது. அதனால் விருந்து வீடுகளில் அரைவயிற்றோடு எழுந்துவிடப் பார்ப்பார். எங்கள் பக்கம் அது நடக்குமா? போதும் என்று கையை மறித்தால் விரலுக்கு மேலேயே சோற்றைக் கொட்டுகிற ஊர்.

பரலோக மாதா திருநாள் வந்தது. சுதந்திர தினமும் அன்றுதான் என்பதால் கோயில் நிறையக் கூட்டம். சாமியார் பெயரைச் சொல்லி அழைத்ததும் அப்பா பீடத்தின் முன் போய் நின்றார். சத்தியத்துக்குக் கையை நீட்டவில்லை.

"நான் குடிக்கலைங்க. இன்னைக்கு விருந்த எல்லாரு முன்னாடியும் சாப்புடுறேன். அப்பறம் உபதேசியார் வீட்டுலயே படுக்குறேன். கதவப் பூட்டிக்கட்டும். காலையில எல்லாரும் வந்து பாருங்க."

போன கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அப்பாவுக்கு மூச்சே சிக்கியதை அம்மா ஒருத்திதான் பார்த்திருந்தாள். "வேண்டாங்க, சத்தியத்தையே பண்ணித் தொலைங்க" என்று கூட்டத்துக்கு நடுவில் அழுதாள். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றைக்குப் பந்தியில் அவர் இலைக்கு முன்னால்தான் கூட்டம். கறிக்குழம்பு, ரசம், மோர் என்று மூன்று முறை சோறு வாங்கினார். பாயாசத்தைக் கேட்டுக் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டு உபதேசியார் வீட்டுக்கு நடந்தார். உபதேசியார் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலிலேயே படுத்தார்.

விடிந்து கதவைத் திறந்தபோது அப்பா கட்டையாகக் கிடந்தார். வாசலில் பாதி ஊர் நின்றது. அப்பாவின் கண்கள் உபதேசியாரைத் தேடிப் பிடித்தன.

"மோந்து பாருங்க உபதேசியாரே. அன்னைக்கு வாசல்லயே நின்னீங்கல்ல? இன்னைக்குக் கிட்ட வந்து மோந்து பாருங்க."

உபதேசியார் மண்டி போட்டுக் குனிந்து முகர்ந்தார். ஏலக்காய் வாசம்தான் வந்தது. ஆனால் குனிந்தவருக்கு வேறொன்று கேட்டது. அப்பாவின் மூச்சு மேலேயே நின்று நின்று போனது. "வண்டியக் கட்டுங்கடா!" என்று அவர் போட்ட கூச்சலை அம்மா கடைசிவரை சொல்லிக் காட்டுவாள்.

மாட்டுவண்டியில் ரோட்டுக்கும், அங்கிருந்து பஸ்ஸில் புதுக்கோட்டைக்கும் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் அப்பாவின் தலை உபதேசியார் மடியில். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், நேற்று என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். இரத்தத்தில் பொட்டாசியம் என்கிற உப்பு இறங்கிப் போயிருக்கும் என்று சொல்லி, அதையே தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். மத்தியானம் விரல் அசைந்தது. சாயங்காலம் அப்பா எழுந்து உட்கார்ந்தார்.

"செத்திருந்தா என்னங்க பண்ணியிருப்பேன்?" என்று அம்மா அவர் தோளில் அடித்தாள்.

"செத்தாலும் குடிகாரனாச் செத்திருக்க மாட்டேன்ல?"

அந்த உப்பு ஏன் இறங்கியது என்று அன்று அந்த டாக்டருக்கும் தெரியாது. பின்னால் நான் விலங்கியல் படித்துப் பாடம் நடத்தும் காலத்தில்தான், கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. தசையின் ஒவ்வொரு செல்லுக்கும் சுவர் உண்டு, சுவரில் உப்பு போய்வர வாசல்கள் உண்டு. அந்த வாசல்கள் புரதத்தால் ஆனவை. மணி கோத்தாற்போல நீண்ட சங்கிலி, மடிந்து மடிந்து வாசலாக நிற்கிறது. ஆயிரக்கணக்கான மணிகளில் ஒன்று மாறிப் பிறந்துவிட்டால் வாசலோரம் ஒரு சின்னக் கசிவு உண்டாகிறது. சாதாரண நாளில் அது தெரியாது. சோறும் இனிப்பும் நிறைய உள்ளே போனால் இரத்தத்தில் இருக்கும் பொட்டாசியம் செல்லுக்குள் ஓடிவிடும். எல்லோருக்கும் அப்படித்தான், மற்றவர்கள் உடம்பு தாங்கிக்கொள்ளும். கசிவுள்ள தசையோ அப்போது நரம்பு இடும் கட்டளைக்குப் பதில் சொல்லாமல் கிடந்துவிடும். அவ்வளவுதான். கண்ணுக்கே தெரியாத ஒரு மணி மாறிப் பிறந்ததற்கு ஒரு மனுஷனைக் கோயிலில் நிறுத்தினார்கள்!

ஊர் திரும்பியதும் சாமியார், நடந்ததை மறந்துவிட்டு வேலைக்கு வா என்றார். அப்பா போகவில்லை. "குடிகாரன்னு பூசையில சொன்னீங்க சாமி. இல்லைன்னும் பூசையிலயே சொல்லுங்க. அப்பறம் வாரேன்." அடுத்த ஞாயிறு சாமியார் சொன்னார். திங்கட்கிழமை அப்பா மூன்றாம் வகுப்புக்குள் நுழைந்தார்.

அதன்பின் விருந்துகளில் அவர் இலையில் யாரும் வற்புறுத்திச் சோறு வைத்ததில்லை. மருந்து உப்பு ஒரு பாட்டிலில் எப்போதும் வீட்டில் இருந்தது. ஆனாலும் உபதேசியாரோடு அப்பா பேசுவதை விட்டுவிட்டார். மடியில் தலை வைத்துக் கொண்டுபோனவரை இப்படி ஒதுக்கலாமா என்று அம்மா கேட்பாள். கொண்டுபோக வேண்டிய நிலைக்குக் கொண்டுவந்தது யார் என்று அப்பா கேட்பார்.

1966 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை தம்பி சின்னப்பன் எழவில்லை. "அக்கா, காலு வரல" என்றான். தனக்கு நேர்ந்தபோதெல்லாம் கலங்காத அப்பா அன்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொத்தாக எதுவும் சேர்க்காதவர், பிள்ளைக்கு இதையா கொடுக்க வேண்டும்!

செய்தி பரவி, கிழவராகிவிட்ட உபதேசியார் தடி ஊன்றி வந்தார். இந்த முறை வாசலில் நிற்கவில்லை. நேரே உள்ளே வந்து, மண்டி போட்டு, தம்பியின் வாயருகே குனிந்தார்.

"எம் புள்ளையையும் மோந்து பாக்க வந்தீங்களா?" என்று அப்பா கத்தினார். பன்னிரண்டு வருடத்தில் அவரோடு பேசிய முதல் பேச்சு அது.

உபதேசியார் நிமிரவில்லை. சும்மா இருங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, காதை இன்னும் தாழ்த்தினார்.

"மூச்சு நல்லா வருது வாத்தியாரே" என்றார். "மருந்தக் கரைங்க."