கப்புக்கு ஒரு கிணறு

அண்ணன் வீட்டுக்கு வரும் நாளில் அவருக்கு முன்னால் புளி வாசனை வந்துவிடும். பனியனிலும் தலைமயிரிலும் விரல் இடுக்குகளிலும் ஏறியிருந்த அந்தப் புளிப்பு மூக்கில் பட்டதுமே எனக்கு வாயூறும். தங்கை கெம்பி ஓடிப்போய் அவருடைய வேட்டி மடிப்பைத் துழாவுவாள். அதில் உப்புப் போட்டு உருட்டிய புளி உருண்டை இரண்டு இருக்கும். பெரியதை அவள் எடுத்துக்கொண்டு சின்னதை என்னிடம் நீட்டுவாள்.

அண்ணன் மாதப்பன் ராயக்கோட்டையில் ஒரு புளி மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது, கெம்பிக்கு ஐந்து, அண்ணனுக்கு இருபதைத் தாண்டியிருக்கும். அப்பா இல்லாத வீடு எங்களுடையது. மூட்டை தூக்குகிற வேலை என்று சொன்னாலும், மண்டி முதலாளி அண்ணனை எடுத்தது அவருடைய தோளைப் பார்த்து அல்ல, மூச்சைப் பார்த்துத்தான். இப்போது கபடி என்று சொல்லும் ஆட்டத்தை அப்போது நாங்கள் சடுகுடு என்போம். ஒரே மூச்சில் பாடிக்கொண்டு எதிராளிகளுக்குள் நுழைந்து, அந்த மூச்சு அறுவதற்குள் திரும்பி வர அண்ணனைப்போல ஆள் சுற்றுவட்டாரத்தில் கிடையாது.

பெரிய வியாபாரிகளை எங்கள் பக்கம் "சாவுகார்" என்பார்கள். மண்டி முதலாளியை அவருடைய பெண்சாதிகூட அப்படித்தான் சொல்வாராம். தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே வாக்கியத்துக்குள் கலந்து பேசும் அந்த மனிதருக்கு உலகத்தில் இரண்டு பைத்தியம் இருந்தது. ஒன்று சடுகுடு. இன்னொன்று தண்ணீர் தருமம். ஏழு பேரைச் சேர்த்து மஞ்சள் பனியன் தைத்துக்கொடுத்து, ஆட்டக் காலத்தில் பாலும் வேகவைத்த முட்டையும் போட்டு "மண்டி செட்டு" என்று ஒன்றை வைத்திருந்தார். அந்த செட்டு ஒரு கப்பு ஜெயித்து வந்தால், ஆடினவர்களில் ஒருவனுடைய ஊருக்கு ஒரு கிணறு வெட்டிக் கொடுப்பார். யார் ஊருக்கு என்பது முறைப்படி வரும். முறை வந்தவன் கடைசி ஆட்டத்தில் களத்தில் நிற்கவேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. நிற்காவிட்டால் முறை அடுத்தவனுக்குப் போய்விடும். "தோத்தா மோரு, ஜெயிச்சா கெணறு" என்று சொல்லிக்கொண்டே மடக்கு நாற்காலியில் குடை பிடித்து உட்கார்ந்திருப்பாராம்.

அந்த வருஷம் முறை எங்கள் ஊருக்கு வந்திருந்தது.

எங்கள் ஊரில் குடிதண்ணீர் என்பது இரண்டு கல் தொலைவில் இருந்த ஓடையில் மணலைத் தோண்டி, ஊறி வருவதைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் நிரப்பிக்கொண்டு வருவது. கோடையில் ஒரு குடம் நிறைய அரைநாள் ஆகும். வருஷக்கணக்காகக் குடம் சுமந்து அம்மாவின் உச்சந்தலையில் ஒரு கை அகலத்துக்கு மயிர் இல்லாமல் போயிருந்தது. ஆனால் அந்த ஊற்றுத் தண்ணீர் தெளிந்த தண்ணீர், அதனால் ஊரில் யாருக்கும் நோய் வந்ததில்லை என்பது எங்களுக்கு அப்போது ஒரு விஷயமாகவே தெரியவில்லை.

மாசித் தேர் சமயத்தில் ஓசூரில் கடைசி ஆட்டம் என்று இருந்தது. அதற்குப் பத்து நாளைக்கு முன்னால் அண்ணன் வலது காலை விந்திக்கொண்டு வந்தார். கணுக்காலுக்கு மேலே கொப்புளம் உடைந்து, அதிலிருந்து வெள்ளை நூல்போல ஒரு புழு தலை நீட்டிக்கொண்டிருந்தது. நான் அலறிவிட்டேன். அம்மா அலறவில்லை. அம்மா பிறந்த ஊரில் இது உண்டு. "நரம்புச் சிலந்தி" என்று ஒரே பார்வையில் சொல்லிவிட்டு, ஈர்க்குச்சி ஒன்றை ஒடித்து வந்து, புழுவின் நுனியை அதில் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றித் துணியால் கட்டினார். ஒரு நாளைக்கு ஒரு சுற்றுத்தான் சுற்றலாம். இழுத்தால் அறுந்துவிடும். முழுதும் வெளியே வர மூன்று வாரம்கூட ஆகும்.

"அறுந்துச்சுன்னா உள்ளயே சீழ் புடிச்சு காலே போயிரும் மாதப்பா. எங்க ஊர்ல ரெண்டு பேர நான் பாத்திருக்கறேன். இந்த வருசம் ஆட வேணாம்."

"ஒரே ஆட்டம்மா. நான் உக்காந்தா கெணறு வேற ஊருக்குப் போயிரும்."

"கெணறு இல்லாம இத்தினி வருசம் நான் உன்ன வளக்கலியா?"

"வளத்த. அதான் உன் தலையில மயிரக் காணோம்."

அம்மாவுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது. துணியை இன்னும் ஒரு முடிச்சுப் போட்டு இறுக்கினார். சாவுகாரிடம் சொல்லக்கூடாது என்று அண்ணன் எங்கள் மூவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். கெம்பிதான் முதலில் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

ஓசூரில் எதிர்த்து ஆடினவர்கள் மத்திகிரிக்காரர்கள். அவர்கள் ஊரில் இருந்த சர்க்கார் பண்ணை மாட்டுப் பால் குடித்தே வளர்ந்தவர்கள் என்று கூட்டத்தில் கேலி பேசிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவருடைய தோளில் உட்கார்ந்து நான் பார்த்தேன். கடைசிப் பாட்டுக்கு அண்ணன் போனபோது மூன்று பேர் அவருடைய வலது காலைப் பிடித்துவிட்டார்கள். பாட்டு நிற்கவில்லை. மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு மண்ணில் ஊர்ந்து வந்து நடுக்கோட்டில் விரல் நுனியை வைத்துவிட்டார். ஜனங்கள் கத்தியதில் எனக்குக் காது அடைத்துக்கொண்டது. எல்லாரும் சாவுகாரைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது, அண்ணன் மட்டும் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். அவிழ்ந்து கிடந்த துணிக்குப் பக்கத்தில் அந்த ஈர்க்குச்சி இருந்தது. அதில் இரண்டு விரல் நீளத்துக்குப் புழு. அம்மா கண்ணில் படக்கூடாதென்று அதை இடுப்பில் சொருகிக்கொண்டார்.

நாலாம் நாள் கால் தொடைவரை வீங்கிவிட்டது. விஷயம் தெரிந்ததும் சாவுகார் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்து, அங்கேயே இரண்டு நாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கால் தப்பித்தது. கணுக்கால் மட்டும் மடங்காமல் கட்டைபோல் நின்றுவிட்டது. இனி அண்ணன் ஆட முடியாது என்று டாக்டர் சொன்னபோது சாவுகார்தான் அழுதாராம். மண்டி வாசலில் மூட்டை எண்ணும் வேலையை அண்ணனுக்கு ஆயுசுக்கும் கொடுத்தார். சொன்ன சொல் தவறாத மனிதர். அவரைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தையும் என்னால் எழுத முடியாது.

கிணறு வெட்ட இடம் பார்க்க அவரே எங்கள் ஊருக்கு வந்தார். ஊர்க் கவுண்டர் கைகட்டி நின்று, "ஒரு ராட்டினம் போட்டுக் குடுத்தா போதுங்க சாவுகாரே, எங்களுக்கு அதுவே பெருசு" என்றார். சாவுகார் என் அம்மாவைக் கூப்பிட்டு உள்ளங்கையைக் காட்டச் சொன்னார். காய்த்துப்போன அந்தக் கையைப் பார்த்துவிட்டு, "இந்தக் கையில இன்னும் கயிறு வேற இழுக்கணுமா? மகன் காலக் குடுத்தான், அம்மாவுக்கு நான் படி கட்டித் தரேன். மகாராணி கணக்கா எறங்கிப் போயி மொண்டுக்கிட்டு வரட்டும்" என்றார்.

"மகாராணி எதுக்கு சாமி தண்ணிக்குப் போறா?" என்று பின்னாலிருந்து ஒரு கிழவி கேட்க, கூட்டம் சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் சாவுகார்.

இருபது முப்பது ஆட்கள் கோடை முழுவதும் வேலை செய்தார்கள். அடித்தட்டுவரை கருங்கல் படி இறக்கிய கிணறு அது. அவர் முன்பு கொடுத்த கிணறுகளும் அப்படிப் படி வைத்தவைதான். போன வருஷம் செட்டில் இன்னொருவனுடைய ஊரில் கிணறு திறந்தபோது, அண்ணனும் போய் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்திருந்தார்.

வைகாசியில் எங்கள் கிணற்றுக்குப் பூஜை நடந்தது. கப்பு வாங்கிக் கொடுத்தவன்தான் முதலில் இறங்கி முதல் குடத்தை நிரப்பவேண்டும் என்பது சாவுகாரின் வழக்கம். மேளம் முழங்க, மஞ்சள் பனியன் போட்டுக்கொண்டு, கவுண்டர் தோளைப் பிடித்தபடி அண்ணன் இறங்கினார். அதற்கு இரண்டு நாள் முன்னால் அதே காலின் பாதத்தில் இன்னொரு கொப்புளம் கண்டிருந்தது. நெருப்பை வைத்ததுபோல எரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீரில் காலை வைத்ததும் அவர் முகம் எப்படி மலர்ந்தது என்பது இன்றைக்கும் என் கண்முன் நிற்கிறது. ஊரார் கைதட்டினார்கள். கிணறு வந்த சந்தோஷம் என்று நினைத்தார்கள். எரிச்சல் அடங்கிய சந்தோஷம் அது.

அதன்பின் அந்தப் புழு முழுக்க வெளியே வரும்வரை மண்டிக்குப் போகாமல், தினமும் சாயங்காலம் அண்ணன் படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் கால் சம்பாதித்துக் கொடுத்த கிணறு அல்லவா. பெண்கள் அவருக்கு வழிவிட்டு, பக்கத்துப் படியில் நின்று குடத்தை முக்கி எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த ஒரு வருஷம் எங்கள் ஊர் இருந்த சந்தோஷம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கெம்பி தன் சின்னச் சொம்பில் தானே தண்ணீர் கொண்டுவந்து, "இது நான் மொண்டது, இதத்தான் குடிக்கணும்" என்று எல்லாரையும் குடிக்கவைப்பாள்.

அடுத்த வைகாசியில் ஒரே மாதத்துக்குள் ஊர் படுத்துவிட்டது. புழு இல்லாத வீடு என்று ஒன்றுகூட இல்லை. ஏர் பூட்ட ஆள் இல்லை. நிலங்கள் உழாமல் கிடந்தன. ஆண்களும் பெண்களும் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து ஈர்க்குச்சி சுற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு முழங்காலில் இரண்டு. எனக்குக் கெண்டைக்காலில் ஒன்று. எரிச்சல் தாங்காதவர்கள் படியில் இறங்கிக் காலை நனைத்துவிட்டு வந்தார்கள். கெம்பிக்குக் குதிகாலில் வந்தது. அந்தப் புண் புழுதியில் பட்டுப் பட்டு, ஒருநாள் காலையில் அவளுக்கு வாய் பூட்டிக்கொண்டது. உடம்பு வில்லாக வளைந்தது. மூன்றாம் நாள் அவளைக் கொண்டுபோய்ப் புதைத்தோம். மண்டியிலிருந்து அண்ணன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த ஆனியில் நான் ராயக்கோட்டைப் பள்ளியில் ஆறாம் வகுப்புச் சேர்ந்திருக்கவேண்டும். புண் ஆறினதும் வீட்டில் நிற்கக்கூடிய ஆள் நான் ஒருவன்தான் என்பதால் ஏர் பிடிக்கப் போனேன்.

சாவுகார் ஓடிவந்தார். வண்டி வண்டியாக ராகி அனுப்பினார். "தண்ணியில குத்தம் இல்லப்பா, பூஜையிலதான் ஏதோ குத்தம்" என்று சொல்லி, முன்னைவிடப் பெரிதாக ஒரு பூஜை செய்தார். அதற்கும் எல்லாரும் படியிறங்கினோம். எங்கள் துக்கத்தைப் பார்த்த கையோடு, புண்ணியம் சேரட்டும் என்று இன்னும் இரண்டு ஊருக்குப் படிக்கிணறு கட்டிக் கொடுத்தார். வருஷா வருஷம் புழு வந்தது. எங்களுக்கும் அது வெயில் காலத்துக்கு உண்டானது என்று பழகிவிட்டது.

இருபது வருஷத்துக்கு மேல் கழித்து, தருமபுரியிலிருந்து சுகாதார ஊழியர் ஒருவர் வந்தார். சின்னப் பையன், மீசைகூடச் சரியாக வரவில்லை. கிணற்றுத் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து வெயிலில் தூக்கிக் காட்டினார். தூசிபோல ஏதேதோ துள்ளிக்கொண்டிருந்தன. சிலந்தி வந்த காலைத் தண்ணீரில் வைத்தால் புழு குஞ்சு விடும், அதை இந்தப் பூச்சி தின்னும், பூச்சியை நாம் குடிப்போம், ஒரு வருஷம் கழித்து நம் காலில் வரும் என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். படியை அடைத்துவிட்டுக் கைப்பம்பு போடப்போகிறோம் என்றார்.

கூட்டத்தின் ஓரத்தில் கம்பை ஊன்றி நின்றிருந்த அண்ணன் கேட்டார்.

"ஒரு கெணத்துக்கு எத்தினி பேரு கால வெக்கணும் தம்பி?"

"ஒருத்தர் வெச்சாப் போதுங்க பெரியவரே."

அண்ணன் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். கம்பைச் சுவரில் சாத்திவிட்டு உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமலே, "அப்ப கெம்பி?" என்றார்.

அந்த டம்ளரைப் பார்த்த நிமிஷமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டிருந்தது. நான் நாலு பேருக்கு முன்னால் பேசத் தெரியாதவன். பொய் பேசி அறியாதவன். அன்றைக்கு மட்டும் வார்த்தை தடங்கலில்லாமல் வந்தது.

"அவளுக்கு வந்தது வேற ஜொரம்ண்ணா. அந்த வருசம் ஊர்ல ஜொரம் இருந்துச்சு, நீ மண்டியில இருந்த, உனக்குத் தெரியாது."

"ஜொரமா?"

"ஆமாண்ணா."

"செரி" என்றார்.

மறுநாள் விடிந்ததும் அவர் கடப்பாரையோடு கிணற்றில் இருந்தார். அரசாங்க ஆட்கள் வர ஒரு மாதம் ஆயிற்று. அதற்குள் மேலிருந்து பதினோரு படியைத் தனி ஆளாகப் பெயர்த்துவிட்டார். உதவிக்கு இறங்கியவர்களை வெளியே போகச் சொன்னார். நான் இறங்கியபோது மட்டும் பெயர்த்த கல்லை என் பக்கம் நகர்த்தினார்.

அண்ணன் போய் நாலு வருஷமாகிறது. சாவுகார் அவருக்கும் முன்னால் போய்விட்டார். மண்டி இருந்த இடத்தில் இரும்புக் கடை இருக்கிறது. கிணற்றைத் தூர்த்தாயிற்று. அந்தப் புழு எங்கள் பக்கத்தில் மட்டுமல்ல, தேசத்திலேயே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறதாம். ஓசூரில் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகனுக்கு அதன் பெயரே தெரியாது. அவனும் கம்பெனியின் கபடிக் குழுவில் ஆடுகிறான். அந்த முதலாளியும் நல்லவர்தான், ஊர்களுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுக்கிறார். போன மாதம் வந்தபோது, "எனக்கு ஒரு அத்தை இருந்தாங்களாமே, எப்பிடிப்பா செத்தாங்க?" என்று கேட்டான். அவனிடமும் என்னால் அந்தப் பழைய பதிலைத்தான் சொல்ல முடிந்தது. அவன் பஸ் ஏறிப் போனபிறகு உட்கார்ந்து இதை எழுதத் தொடங்கினேன். அண்ணன் இல்லாத இப்போதாவது இதைச் சொல்லிவிடவேண்டும். கெம்பி ஜுரத்தில் சாகவில்லை.