பழைய நேர்மாறு

வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு கோழித்தீவன ஆலையில் கலவைக் கணக்குப் போடுவது வசந்தாமணியின் வேலை. மக்காச்சோளம், சோயா, கருவாட்டுத்தூள் மூன்றின் சத்தளவுகளை எக்செலில் மேட்ரிக்ஸ் அணியாக அடுக்கி, அதன் நேர்மாறு அணியைக் கொண்டு எது எவ்வளவு என்று கண்டுபிடிப்பாள். அன்று வந்த கருவாட்டுத்தூளில் உப்பு அதிகம். புதிய அளவைப் பதிந்து, விடையைத் தீவனம் கலக்குமிடத்துக்கு அனுப்பிவிட்டாள்.

சாப்பிட்டு வந்து பார்த்தால், விடை போன வாரத்துடையதாகவே இருந்தது. சந்தேகத்தில் சத்தளவு அணியையும் நேர்மாறு அணியையும் பெருக்கினாள். நேர்மாறு சரியென்றால் மூலைவிட்டத்தில் ஒன்றும் மற்ற இடங்களில் பூச்சியமும் வரவேண்டும். வரவில்லை. நேர்மாறு அணியைச் சூத்திரமில்லாமல் வெறும் எண்களாக ஒட்டிவைத்தது அவளேதான். புதிய அளவைப் பதிந்தும் அந்த எண்கள் மாறவே இல்லை.

முதலாளி தனபாலை அழைத்தாள். "ஏனுங்க, அந்தத் தீவனம் எங்கீங்க?"

"பண்ணைக்குப் போயிருச்சுங்களே. இப்பக் கொட்டிட்டிருப்பாங்க."

"நிறுத்தச் சொல்லுங்க! எங்கணக்கு தப்புங்க. உப்பு ஏறிப்போச்சு, கோழியெல்லாம் செத்துருமுங்க."

போனை வைத்துவிட்டு, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பண்ணைக்குப் பறந்தாள். இரண்டு வரிசைக் கோழிகள் அதற்குள் தின்று முடித்திருந்தன. மீதியை வாரியெடுத்து, தின்றவை நிறையக் குடிக்கட்டும் என்று தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். பொழுது சாயும்வரை கூண்டுகளின் முன்னே நின்று ஒவ்வொரு தலையாகப் பார்த்தாள்.

விடிவதற்குள் பதினொன்று செத்தன. மற்றவை பிழைத்துவிட்டன என்று தனபால் சொன்ன பிறகு, ஆலைக்குப் போய் அந்த எண்களை அழித்துவிட்டுச் சூத்திரத்தைப் போட்டாள்.