ஏழாம் நம்பர் தொட்டி

அந்தக் காட்டுக்கு மழை கொடுப்பவர் கடவுள் என்றால், மழை இல்லாத ஏழு மாதமும் தண்ணீர் கொடுப்பவன் டேங்கர்காரன்தான். இதை அவனே சொல்லிக்கொள்வான். வேறு யாரும் சொல்லப்போவதில்லை என்பதில் அவனுக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

சிமெண்ட் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன் முப்பதாவது வயதில் இந்தத் தேசியப் பூங்காவுக்கு வந்து சேர்ந்தான். பத்தொன்பது வருடமாகத் தற்காலிக ஓட்டுநர். போர்வெல்லில் டேங்கரை நிரப்பிக்கொண்டு, எலும்பும் தோலுமாய் நிற்கும் மரங்களுக்கு நடுவே போய், விலங்குகளுக்கென்று கட்டிய சிமெண்ட் தொட்டிகளில் ஊற்ற வேண்டும். தினம் மூன்று லோடு. லாரியின் இரண்டாம் கியர் நிற்காது, முழங்காலால் அணைத்தபடியே ஓட்டுவான். வால்வில் கசிகிற தண்ணீருக்குத் தேனீக்கள் மொய்க்கும். அவற்றை மட்டும் அவன் திட்டியதில்லை.

மனிதர்களைத் திட்டாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. முதல் பங்கு சுற்றுலா வருகிறவர்களுக்கு. காட்டில் மருந்துக்குக்கூட ஓர் இலை இருக்காது, இவர்கள் இலை அச்சடித்த சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். மறைந்து நிற்கிறார்களாம். அந்தச் சட்டையோடு பாட்டும் போட்டுக்கொண்டு, டேங்கரை நிறுத்தி அவனிடமே கேட்பார்கள்.

"சிறுத்தை எந்தப் பக்கம்ணே?"

"நேத்து வரைக்கும் இங்கதான் இருந்துச்சு. நீங்க வர்றீங்கன்னு கேள்விப்பட்டு லீவு போட்டுருச்சு."

அடுத்த பங்கு ரேஞ்சருக்கு. காட்டை மேப்பிலேயே நடந்து முடித்துவிட்ட மனிதர் அவர். அந்த வருடக் கோடையில் ஒரு புதன்கிழமை அவனைக் கூப்பிட்டார்.

"சனிக்கிழமை தலைமை ஆபீஸ்லேர்ந்து பெரியவர் குடும்பத்தோட வர்றார். அதுவரைக்கும் உள்ள இருக்கிற தொட்டி எதுக்கும் தண்ணி கிடையாது. ரோட்டோரத் தொட்டிய மட்டும் நிரப்பு. தாகம் எடுத்தா எல்லாம் தன்னால அங்க வந்துரும்."

"ஏழாம் நம்பர்கிட்ட குட்டி போட்ட மானுங்க நிக்குது சார். அங்கேர்ந்து ரோட்டுக்குப் பத்து கிலோமீட்டர். குட்டிங்க எப்படி நடக்கும்?"

"நடக்கும். நீ உன் வேலைய பாரு. நிரந்தரம் பண்ற லிஸ்ட் என் மேசைலதான் இருக்கு, ஞாபகம் வெச்சுக்க."

அவன் மனைவி பூங்காவின் விருந்தினர் மாளிகையில் படுக்கை விரிப்பு துவைப்பவள். அவளுக்கும் நாக்கு நீளம்தான், ஆனால் எங்கே சுருட்டி வைப்பது என்று தெரிந்தவள். விஷயத்தைக் கேட்டதும், "பத்தொன்பது வருஷம் பொறுத்தாச்சு. மூணு நாள் வாய மூடிட்டு இருந்தா குறைஞ்சா போயிருவ?" என்றாள்.

வாயை மூடிக்கொண்டான். கை சும்மா இருக்கவில்லை. ரேஞ்சர் மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் குறட்டை விடுகிற நேரமாகப் பார்த்து, முன்பு மரம் ஏற்றிய லாரிகள் போன பழைய தடத்தில் போய் ஏழாம் நம்பரை நிரப்பினான். மறுநாளும் நிரப்பினான், அதற்கு மறுநாளும். குட்டிகள் தாயின் வயிற்றுக்குக் கீழே நின்றபடி குடித்தன. பன்றிகள் வந்தன. நான்கு யானைகளும் வந்தன. காடே அங்கேதான் இருந்தது.

சனிக்கிழமை காலையில் புது உத்தரவு. பெரியவர் மூக்கில் புழுதி ஏறக் கூடாதாம், வண்டி வரும் பாதையில் தண்ணீர் தெளிக்க வேண்டுமாம். குடிக்க வழியில்லாத காட்டில் ஒரு முழு லோடு மண்ணில் போயிற்று. தெளித்து முடித்து, ரோட்டோரத் தொட்டியருகே லாரியை ஓரம் கட்டினான். பெரியவரின் குடும்பம் ஜீப்பில் இரண்டு மணி நேரம் காத்திருந்தது. இரண்டு காகங்கள் குளித்தன. ஒரு கீரி வந்தது. பெரியவரின் மருமகன் அதைப் படம் பிடித்துக்கொண்டு, "இது எதோட குட்டி?" என்று கேட்டான். ரேஞ்சரின் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டது. அதைப் பார்க்க டேங்கர்காரனுக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

பெரியவர் திரும்பி அவனைப் பார்த்தார்.

"நீதான் தண்ணி ஊத்தறவனா? தினம் எத்தனை லோடு?"

"மூணு சார்."

"யாருக்கு? இந்த ரெண்டு காக்காய்க்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். பெரியவர் ரேஞ்சரிடம், "இல்லாத மிருகத்துக்கு எதுக்கய்யா டேங்கர்? நிறுத்துங்க," என்றார்.

பெரியவர் பத்து கிலோமீட்டர் வந்திருந்தால் அத்தனையையும் கண்ணெதிரே காட்டியிருப்பான். வாயைத் திறந்தால் வேலை போகும், திறக்காவிட்டால் தண்ணீர் போகும். ஊர் உலகத்தையே நாக்கில் போட்டு மென்றவனுக்கு அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. ஜீப் கிளம்பிப் போயிற்று.

திங்கட்கிழமை உத்தரவு வந்தது. தொட்டிகளுக்குத் தண்ணீர் நிறுத்தம், டேங்கர் இனி விருந்தினர் மாளிகைப் புல்தரைக்கு. நிரந்தரப் பட்டியலில் அவனையும் சேர்த்தாயிற்று, கையெழுத்துதான் பாக்கி என்றார் ரேஞ்சர்.

"நல்லதுதானே நடந்திருக்கு. ஏன் மூஞ்சிய தூக்கி வெச்சிருக்க?" என்றாள் மனைவி.

"என்னை நெனச்சா எனக்கே கேவலமா இருக்கு," என்றான்.

ஒன்பது நாள் புல்லுக்கு ஊற்றினான். பத்தாம் நாள் காலை, ஈரத்தை மோந்துகொண்டு மான்கள் கம்பி வேலி வரைக்கும் வந்துவிட்டன. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். குட்டிகளைத் தேடினான். ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

மாளிகையில் தங்கியிருந்தவர்கள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். "எவ்ளோ பழகியிருக்கு பாரேன்," என்றாள் ஒருத்தி. கூட வந்தவன், "அண்ணே, பைப்பை கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்க. குடிக்கற மாதிரி எடுத்தா நல்லா இருக்கும்," என்றான்.

திருப்பினான். வேலிக்கு அப்பால் ஒரு பள்ளத்தில் தண்ணீர் தேங்கியது. மான்கள் ஒன்றையொன்று நெட்டித் தள்ளிக்கொண்டு குடித்தன. குட்டி உள்ளே நுழைய முடியாமல் ஓரத்தில் நின்றது.

"போதும்ணே, எடுத்தாச்சு," என்றான் படம் எடுத்தவன்.

டேங்கர்காரன் பைப்பைப் புல் பக்கம் திருப்பவில்லை. மாளிகை வராந்தாவிலிருந்து ரேஞ்சர் கையைத் தட்டிக் கூப்பிட்டார். பிறகு படி இறங்கி வேகமாக வந்தார். அவன் அவரைப் பார்த்தபடியே வால்வை முழுக்கத் திறந்துவிட்டான்.