கோன் வைத்திருந்த இடம்

வல்லம் வடகாலில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் அவர் வாட்ச்மேனாக இருந்தார். ஏஜென்சி கொடுத்த நீலச் சட்டை அவர் தோளில் நிற்காமல் சரிந்துகொண்டே இருக்கும். காலையில் டூட்டிக்கு வந்ததும் முதல் வேலையாக, கார் நிறுத்துமிடத்தின் மூலையில் ஓர் ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் கோனைக் கொண்டுவந்து வைப்பார். அங்கே மட்டும் எந்த வண்டியையும் நிறுத்த விடமாட்டார்.

எனக்கு அது எரிச்சலாக இருந்தது. ஒருநாள் வேறு இடமே இல்லை. கண்ணாடியை இறக்கி, "எந்தப் பெரிய ஆளுக்குண்ணா இந்த இடம்?" என்று கேட்டேன்.

"பெரிய ஆளு இல்ல சார். எம் பொண்ணுக்கு," என்றார். "கம்பெனி வர்றதுக்கு முன்ன இது எங்க கழனி. ஜொரத்துல செத்துப்பூட்டா. சின்னப் புள்ளன்னு சுடுகாட்டுக்கு எடுத்துக்கினு போவல, வரப்பு ஓரமாவே பொதைச்சிட்டோம். மேல வண்டி நின்னா மனசு தாங்கல சார்."

நான் காரைப் பின்னால் எடுத்து, வெளியே சாலையோரத்தில் நிறுத்திவிட்டு வந்தேன்.

சில மாதங்களில் ஏஜென்சி மாறியது. பழைய ஆட்களையெல்லாம் நிறுத்திவிட்டார்கள். கடைசி நாளன்று அவர் என்னைத் தேடி வந்தார்.

"நாளைக்கு வர்ற புது ஆளு கோனை எடுத்துருவான் சார். எப்டியும் யாராவது வண்டி வுடத்தான் போறாங்க. நீங்களே வுடுங்க. தெரிஞ்சவங்கன்னா பரவால்ல."

மறுநாளிலிருந்து எல்லோருக்கும் முன்பே வந்துவிடுகிறேன். அவர் சொன்ன இடத்தில்தான் நிறுத்துகிறேன். இறங்கியதும் கார்க் கதவை மெதுவாகச் சாத்துகிறேன். பல நாள் அது சரியாக மூடிக்கொள்வதே இல்லை.