சபீனா சொன்ன போரான் பொடி

நூம்பலிலிருந்து தினமும் மண்ணூர்பேட்டைக்குப் போய் உலை ஓட்டுகிறவள் தாட்சாயிணி. அவள் வேலை பார்த்த சின்னக் கம்பெனி, கார்பன் நாரையும் பீங்கானையும் சேர்த்து, கடும் சூட்டைத் தாங்கும் தகடு செய்யப் பார்த்துக்கொண்டிருந்தது. காற்றில்லாத இடத்தில் கார்பன் எத்தனை சூட்டையும் தாங்கும். காற்றுப் பட்டால் ஐந்நூறு டிகிரியிலேயே அடுப்புக்கரி போல எரியத் தொடங்கிவிடும். அதைத் தடுக்கத்தான் மேலே பீங்கான் பூச்சு. பூச்சோ ஆறும்போது மயிரிழை விரிசல் விடும். அந்த வழியே நுழைந்த காற்று உள்ளிருப்பதைத் தின்றுவிடும்.

பூச்சுக் கலவை போட்டவள் சபீனா. நான்கு வருடம் இருவரும் ஒரே டப்பாவில் கைவிட்டுச் சாப்பிட்டவர்கள்.

"பூச்சுல போரான் பொடி கலந்தா இன்னாக்கா? சூட்டுல கண்ணாடியா உருகி விரிசல அடச்சிக்கும்" என்றாள் சபீனா ஒருநாள். இன்ஜினியர் நடேசன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்குள் அவள் கணவனுக்கு ஓசூரில் வேலை கிடைக்க, போய்விட்டாள்.

அதன்பிறகும் ஒரு தகடு விரிசல் விட்டால் "பாத்தியாடி" என்று தாட்சாயிணி பக்கத்தில் திரும்புவாள். அங்கே புதிதாக வந்த ரேஷ்மா இருப்பாள். நல்ல பெண்தான். ஆனால் சபீனா இல்லை.

ஒன்பது மாதம் தோற்றுச் சலித்த நடேசனிடம் தாட்சாயிணியே போய் நின்றாள்.

"சார், சபீனா சொன்னத ஒருதபா போட்டுப் பாக்கலாம். பொடி அலமாரியிலதான் கீது."

அவர் ஒப்புக்கொண்டார். பொடி கலந்து பூசிய தகடு உலைக்குள் போனது: ஆயிரத்து இருநூறு டிகிரி, பத்து மணி நேரம், காற்றுப் படும்படி. மறுநாள் காலை தகட்டை எடை போட்டாள். அரைச் சதவீதம்கூடக் குறையவில்லை. மூன்று தடவை தராசில் வைத்துப் பார்த்தாள். ரேஷ்மா கை தட்டினாள். தாட்சாயிணிக்கு அப்போது வேண்டியிருந்தது வேறொரு முகம்.

சபீனாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். சபீனா குக்கரை அணைத்துவிட்டு வந்தாள்.

"அத கையில எடுத்துப் பாக்கணும் போல கீதுக்கா."

"வாயேன். எடுத்து வைக்கிறேன்."

"எங்க வர்றது, குழந்தைய வச்சிகினு."

நடேசன் சோதனை அறிக்கை எழுதும்போது தாட்சாயிணி பக்கத்திலிருந்து நகரவில்லை. "அவ பேரப் போடுங்க சார்."

"வேலைய விட்டுப் போனவங்க பேரை எப்படிம்மா போடறது?"

"யோசனை அவுளுது சார்."

அவர் பேனாவை உருட்டிக்கொண்டு இருந்தார். பிறகு தன் பெயருக்கு மேலே சபீனாவின் பெயரை எழுதினார்.

தாட்சாயிணி அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து சபீனாவுக்கு அனுப்பினாள். மதியம் ஒரே வரியில் பதில் வந்தது: "அங்க இன்னும் ஆள் எடுக்கறாங்களாக்கா?"

இடமில்லை என்று தாட்சாயிணிக்குத் தெரியும். ஆனாலும் எழுந்து நடேசனின் அறைக்குப் போனாள், கேட்பதற்கு.